மதினிக்கு ஒரு கை

இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் பாண்டிச்செல்விக்கு விளங்கவில்லை. மடியில் வைத்தால் கனக்கிறது, மேசை மேல் வைத்தால் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது, முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டால் என்னமோ களவாண்டவள் மாதிரி இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு வேறு, முழங்கால் இடிக்கிறது, இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்குகிறார்கள், தலைக்கு மேலே ஃபேன் காற்றைத் தவிர மற்றதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, கடகடவென்று. சும்மா இருக்க மாட்டாமல் தலையை ஆட்டித் தொலைத்தோமே, எல்லாம் அதனால் வந்த வினை. காலையில் தறி செட்டில் ஊடைநூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தவளின் பின்னால் மேஸ்திரி வந்து நின்று, "சாயங்காலம் பள்ளிக்கூடத்துல கூட்டமாமே செல்வி, நம்ம கோமதி நிக்கிதுல்ல, பாத்துக்க," என்றார். அவர் 'பாத்துக்க' என்றால் என்ன அர்த்தம் என்று செட்டில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கோமதி அவர் பெண்டாட்டி. எங்க மதினியும் நிக்கிறாங்கண்ணே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்கக் கூடாதா? நாக்கை என்ன வாடகைக்கா வாங்கி வைத்திருக்கிறாய் கூறு கெட்டவளே? சொல்லவில்லை. தலையை ஆட்டினாள், அதுவும் சும்மா இல்லை, நன்றாகச் சிரித்துக்கொண்டே ஆட்டினாள். மனுஷன் சந்தோஷப்பட்டு மத்தியானத்தோடு கிளம்பிக்கொள்ளச் சொல்லிவிட்டார். போன வருஷம் ஒருத்தியை அவர் வேலையை விட்டு நிறுத்தினபோது சத்தம் போட்டாரா, திட்டினாரா, ஒன்றும் கிடையாது, இதே குரலில்தான், "நாளைலருந்து ஆள் வேண்டாம்த்தா," என்றார், அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள், போனவள் போனவள்தான். மகள் ஓவியாவின் அப்பா லாரிக்குப் போனால் வருகிற நாள்தான் நாள். அதுவரைக்கும் அடுப்பு எரிவது அந்தத் தாரில்தான்.

"இங்க படிக்கிற பிள்ளையோட அம்மாதான் தலைவியா வர முடியும், அதனால அப்பாமாரெல்லாம் வராந்தாவுல நின்னு வேடிக்கை பாக்கலாம், பேசப்படாது," என்றார் பெரிய டீச்சர். ஹெட்மாஸ்டர் என்று சொல்லவேண்டிய சகாயமேரி டீச்சரை இங்கே எல்லாரும் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டு பேர் நிற்கிறார்கள், இரண்டு பேரும் நான்கு வார்த்தை பேசுவார்கள், பிறகு கை தூக்குவது, முடிந்தது காரியம். வராந்தாப் பக்கத்து ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக மேஸ்திரி நிற்கிறார். இங்கிட்டுப் பார்க்கிறாரா, அங்கிட்டுப் பார்க்கிறாரா? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தொலைத்தால்தானே தெரியும். செல்விக்கு நேர் முன்னால், இரண்டு பெஞ்சு தள்ளி, மதினியின் முதுகு. அண்ணன் பெண்டாட்டி அழகுராணி. அவசரத்தில் போட்ட கொண்டை, ரவிக்கையில் தோளுக்குக் கீழே வேறு நிற நூலில் தைத்த தையல், அதை மறைக்க முந்தானையை இழுத்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பக்கத்தில் இருப்பவளிடம் என்னமோ கேட்டுச் சிரிக்கிறாள். நேற்று ராத்திரி தெருக்குழாயடியில் பார்த்தபோதுகூட, 'செல்வி, ஒன் கை எனக்குத்தான?' என்று கேட்கவில்லையே இந்த மதினி. கேட்டிருந்தால் ஒரு கோபமாவது வந்திருக்கும், அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டிருக்கலாம். 'ஓவியாவுக்கு இருமல் நின்னுச்சா?' என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்காதவளுக்குத்தான் மறுப்புச் சொல்ல முடிவதில்லை.

கோமதி எழுந்து பேசினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பாவம், நல்ல மனசுக்காரி, பொங்கலுக்குச் செட்டுப் பெண்களுக்கெல்லாம் அவள் கையாலேயே சேலை கொடுப்பாள், கொடுக்கும்போது குங்குமமும் வைத்துவிடுவாள். "எனக்கு நீங்க எல்லாரும் ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துக்கு எது வேணும்னாலும் எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க, அவரு யாரப் பிடிக்கணுமோ பிடிச்சு முடிச்சுக் கொடுத்துருவாரு," என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் தலையை அசைத்தது. உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள், செல்வியும் தட்டினாள், அப்பாடா, தட்டுகிற நேரத்துக்காவது கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

பாட்டில். எதற்கு இப்போது பாட்டில் ஞாபகம் வருகிறது? ஓவியாவின் பச்சைக் கலர்த் தண்ணீர்ப் பாட்டில். காலையில் ரொப்பிக் கொடுப்பாள், சாயங்காலம் ரொப்பின மாதிரியே திரும்பி வரும். தண்ணீர் வருவதே என்றைக்கோ ஒரு நாள் என்கிற ஊரில் அது செல்விக்கு ஒரு சந்தோஷம், சிக்கனமான பிள்ளை என்று பாட்டில் தண்ணீரைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றிவிடுவாள். எத்தனை நாள் ஊற்றியிருப்பாள், கடவுளே. மதினிதான் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து அந்தப் பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். "இது காலையில கொடுத்த தண்ணியா? ஏன்டி ஓவியா குடிக்கல?" பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. "குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல அத்தை." "வந்தா போறது." "கக்கூசு பூட்டியிருக்கும் அத்தை. தண்ணி வராதுன்னு பூட்டி வச்சிருக்காங்க. யாருமே குடிக்க மாட்டோம்." யாருமே. அதை ஓவியா சொன்ன விதம் இருக்கிறதே, இன்றைக்கு வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்வி என்ன செய்தாள்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லை என்று நீ கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமா, பெற்றவளுக்குத் தெரியாதா, பெரிய இவள். மறுநாள் காலையில் மதினி பள்ளிக்கூட வாசலில் இடுப்பில் ஒரு குடத்தோடு நின்றாள் என்றும், "இந்தத் தண்ணிய ஊத்திக்கிறேன் டீச்சர், சாவிய மட்டும் கொடுங்க," என்றாள் என்றும் தெருவெல்லாம் பேச்சு. முதல் இரண்டு நாள் அவள் மட்டும். பிறகு எதிர் வீட்டுக்காரி ஒரு குடம், பூக்காரி ஒரு குடம், அப்புறம் வீட்டுக்கு ஒரு குடம் என்று ஆகிவிட்டது. அந்தக் குடங்கள் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்பதை நகராட்சி ஆபீசிலிருந்து வந்த ஆள் பார்த்துவிட்டுக் கூச்சப்பட்டோ பயந்தோ, பைப்பைச் சரிபண்ண ஆள் அனுப்பினார். மதினி யாரோடும் சண்டை போடவில்லை, அதுதான் செல்விக்கு இன்றைக்கு வரைக்கும் ஆச்சரியம், குரலைக்கூட உயர்த்தவில்லை. செல்வியும் ஒரு குடம் கொண்டுபோனாள். மதினி முகத்தைப் பார்க்காமல் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பாட்டில் காலியாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வெறும் பாட்டிலை, அடுப்படியில் நின்று அழுதாளே, அதை யாரிடமும் சொன்னதில்லை.

"அழகுராணி, வாங்க, பேசுங்க," என்று டீச்சர் கூப்பிட்டார். மதினிக்குப் பேச வராது. கல்யாண வீட்டில் நான்கு பேர் முன்னால் பாடச் சொன்னால் பந்திக்குத் தண்ணீர் எடுத்துவரப் போய்விடுகிறவள். எழுந்தாள், கரும்பலகைப் பக்கம் போனாள், தொண்டையைச் செருமினாள், முந்தானையால் மேலுதட்டைத் துடைத்தாள். ஃபேன் சத்தம். பேசுங்க மதினி, எதையாவது பேசித் தொலைங்க, வணக்கமாவது சொல்லுங்க. "நான் ஒண்ணும் செஞ்சு கொடுக்க மாட்டேன்," என்றாள் மதினி. போச்சு! எல்லாம் போச்சு! இதைச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தாய்? பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், மேஸ்திரியின் பல் தெரிந்தது. மதினியும் சிரித்தாள். "நெசமாத்தான் சொல்றேன். நான் ஒருத்தியே செஞ்சு கொடுத்தேன்னு வைங்க, எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தா அதோட நின்னு போகும். அன்னைக்குக் கக்கூசுக்கு நான் மட்டும் கொடம் தூக்கியிருந்தா எத்தன நாளைக்குத் தூக்கியிருப்பேன்? இடுப்பு ஒடிஞ்சிருக்கும். நீங்க எல்லாம் தூக்குனீங்க, அதான் சாவி வந்துச்சு, பைப்பும் வந்துச்சு." சரிதான், அது சரிதான். "சேவை செய்ய வந்திருக்கேன்னு சொல்லணும்னாங்க. எனக்கு அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது. நம்ம வாசலக் கூட்டித் தெளிக்கிறதுக்கு யாரும் மால போடுறாங்களா? இதுவும் நம்ம வாசல்தான். எம் பிள்ள குடிக்கிற தண்ணியத்தான ஒங்க பிள்ளையும் குடிக்கிது." யாரும் சிரிக்கவில்லை இப்போது. மதினியின் கை இரண்டும் சும்மா பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்கிற கவலையே இல்லை. இவளுக்கு மட்டும் எப்படி இது வருகிறது? ஒரே தெரு, ஒரே ரேஷன் கடை, அவளும் எட்டாவதோடு நின்றவள்தான், அவள் புருஷன் என் கூடப் பிறந்தவன், அவன் வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வரும். இவள் இதையெல்லாம் எங்கிருந்து எடுக்கிறாள்?

"ஒண்ணே ஒண்ணு கேப்பேன்," என்றாள் மதினி. "தெனமும் ஒரு அம்மா வந்து மத்தியானம் பிள்ளைகளோட தரையில ஒக்காந்து சத்துணவு சாப்பிடணும். கொற கண்டுபிடிக்கிறதுக்கு இல்ல, ஆக்கிப் போடுற ஆயாவும் நம்மள மாதிரி பொம்பளதான். கூட ஒக்காந்து தின்னாத்தான் தெரியும், எந்தப் பிள்ள தட்டத் தள்ளி வைக்கிது, எந்தப் பிள்ள இன்னொரு கரண்டி கேக்கக் கூச்சப்படுதுன்னு. எங்கிட்ட தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா கேளுங்க. பின்னாடியும் பேசுவீங்க, தெரியும். முன்னாடியும் பேசுங்க." குபீரென்று சிரிப்பு. கோமதிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்குக் கை தூக்கலேன்னாலும் பரவால்ல, கூப்பிட்டா கொடம் தூக்க வாங்க. கோமதி அக்கா செயிச்சா மொத கொடம் என்னோடதா இருக்கும்." அவ்வளவுதான், வந்து உட்கார்ந்துவிட்டாள். கும்பிடக்கூட இல்லை. செல்விக்கு எந்திரிச்சு நின்னு இவ எங்க மதினி என்று கத்த வேண்டும் போல இருந்தது. இவ எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ, எங்க அண்ணன் பெண்டாட்டி, தெரியுமா உங்களுக்கெல்லாம்? கத்துவாயா? கத்தமாட்டாய். நீதான் தலையாட்டி. ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி அசையாமல் நின்றது, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனவளின் செருப்புச் சத்தம் எங்கேயோ கேட்டது.

"கோமதிக்குக் கை தூக்குறவங்க," என்றார் டீச்சர். செல்வியின் கை போய்விட்டது மேலே, அவளைக் கேட்கவே இல்லை, காலையில் ஆடின தலை மாதிரியே. திரும்பிப் பார்த்தால், ஆத்தாடி, எல்லார் கையும் மேலே! பூக்காரி கை, எதிர் வீட்டுக்காரி கை, மதினியின் கைகூட மேலேதான். டீச்சர் எண்ணினார், எழுதிக்கொண்டார், புருவத்தைச் சுருக்கினார். "சரி. அழகுராணிக்கு." மறுபடியும் எல்லார் கையும் மேலே. கோமதி கையும். அட, இதுகளை என்ன சொல்ல? நேருக்கு நேர் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை வருஷம் பழகினவளுக்குக் கை தூக்கமாட்டேன் என்று எப்படி உட்கார்ந்திருப்பது, அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும், நாளைக்குக் குழாயடியில் எப்படி முழிப்பது? அதனால் இரண்டு பேருக்கும் தூக்கிவிட்டார்கள், அது ஒரு மரியாதை, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. செல்வியின் கை மட்டும் மேசையில் கிடந்தது. தூக்கு, இப்போதாவது தூக்கு, எல்லாரும்தான் தூக்கியிருக்கிறார்கள், கூட்டத்தோடு கூட்டமாகத் தூக்கு. கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது. கை மரத்துப்போனது.

"என்னம்மா இது கூத்து!" டீச்சருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "ஒரு ஆளுக்கு ஒரு தரந்தான் தூக்கணும்னு சொன்னேனா இல்லையா? ரெண்டு பேருக்கும் தூக்குனா நான் யாரன்னு எழுதுறது? இந்தா, நம்ம பாண்டிச்செல்வியைப் பாருங்க. ஒருத்தருக்கு மட்டும் தூக்கிட்டு கைய இறக்கிட்டாங்க. இத்தனை பேர்ல சரியாச் செஞ்சது அவங்க ஒருத்தர்தான்." எல்லாத் தலையும் திரும்பிச் செல்வியைப் பார்த்தது. பூமி பிளந்து உள்ளே போகாதா என்று இருந்தது. யாருக்குத் தூக்கினாள், யாருக்குத் தூக்கவில்லை என்று டீச்சருக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் மதினி யார், செல்வி யார் என்கிற உறவுமுறை தெரியாது, அதனால் பாராட்டிவிட்டார். மற்றவர்களுக்குத் தெரியும். நாத்தனார்க்காரி காட்டிவிட்டாள் பார் புத்தியை என்று பூக்காரியின் கண் சொன்னது. ஊரே தூக்கின இடத்தில் ஒரு கை குறைகிறது, அந்த ஒரு கை வீட்டுக் கை. ஜன்னலில் மேஸ்திரி சின்னதாகத் தலையசைத்தார், மெச்சிக்கொள்கிறாராம், நெருப்பில் போட. மதினியும் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கச் செல்வி எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை, பார்த்தாள். மதினி சிரித்தாள். குத்தலான சிரிப்பென்றால் தாங்கிக்கொள்ளலாம். ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டு, செல்வியை ஒரு தரம் பார்த்துவிட்டு, போகட்டும், எனக்குத் தெரியும், உன் அடுப்பு எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். இதைவிட அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

"பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரிதான் சொல்லணும் போல," என்றார் டீச்சர். "எல்லாரும் தலைய மேசையில கவுத்துங்க. கண்ண மூடிக்கோங்க. யாரும் யாரையும் பாக்கப்படாது, நான் மட்டுந்தான் பாப்பேன். வராந்தாவுல இருக்கவங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க." கசகசவென்று சிரிப்பு, வளையல் சத்தம், பெஞ்சு கிறீச்சிட்டது, அப்புறம் அமைதி. செல்வி நெற்றியை மேசையில் வைத்தாள். மை வாசனை, பழைய சோற்றுப் பருக்கை வாசனை, பிள்ளைகளின் வேர்வை. ஓவியா வளர்ந்து இந்த மேசைக்கு வருவாள், இதில் தலையைக் கவிழ்ப்பாள். வராந்தாவில் திரும்பி நிற்பாரா அவர்? எவன் சொல்லி எவன் கேட்கிறான், அவர் திரும்பமாட்டார், கண்ணாடிக்குள்ளேயிருந்து பார்ப்பார். திரும்பியிருந்தால்? திரும்பியிருந்தால் ஒரு பயமும் இல்லை, சத்தமில்லாமல் தூக்கிவிட்டு சத்தமில்லாமல் இறக்கிவிடலாம், நாளைக்குத் தார் சுற்றப் போகலாம். திரும்பாமல் இருந்தால்? "கோமதிக்கு." அங்கொன்றும் இங்கொன்றுமாக வளையல்கள் கிலுகிலுத்தன. செல்வி இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். போகாதே, போனால் வெட்டிவிடுவேன். "அழகுராணிக்கு." ஒரே நேரத்தில் அறை முழுக்க வளையல் குலுங்கியது, யாருக்கும் யாரும் தெரியாமல், அம்புட்டு பேரும், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் செல்விக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. தொடைக்கு அடியிலிருந்து கையை உருவி மேலே தூக்கினாள். நன்றாக, தோள்பட்டை வலிக்கிற அளவுக்குத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் இருட்டுக்குள் இருந்துகொண்டு தூக்குவது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஒரு குடம் தண்ணீரைக்கூட முகத்தைப் பார்க்காமல் இறக்கிவைத்துவிட்டு வந்தவள்தானே. தலையை நிமிர்த்தினாள். கண்ணைத் திறந்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

திரும்பத்தான் இல்லை அவர். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேரே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும், கை மேலேயே இருக்கட்டும். "போதும், இறக்குங்க, கண்ணத் தெறங்க," என்று டீச்சர் சொன்னதும், "அழகுராணிதான்," என்று சொன்னதும், கை தட்டலும் எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடந்தன. மதினி எழுந்தாள். நன்றி, மகிழ்ச்சி, ஒன்றும் கிடையாது, கோமதியின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, "திங்கக்கெழம சாப்பாட்டுக்கு மொத ஆளா யாரு வாறீங்க?" என்றாள். திங்கட்கிழமை எல்லாருக்கும் வேலை, எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் செல்வியை முழங்கையால் இடித்தாள். "ஏத்தா, ஓட்டு முடிஞ்சு போச்சு, கையை இறக்கு." மதினி அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மாறியது. "செல்வியா? திங்கக்கெழம ஒனக்கு செட்டு இருக்குமே?" ஜன்னல் காலியாக இருந்தது. வெளியே மேஸ்திரியின் வண்டி இரண்டு உதை வாங்கிக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது தெருமுனை திரும்புகிற வரைக்கும் செல்வி காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"இருக்குமோ என்னமோ, தெரியல மதினி," என்றாள். "சாப்பாட்டுக்கு வந்துர்றேன்."

அப்புறம்தான் கையை இறக்கினாள்.